சைக்கிள் ரிப்பேர் கத்துக்க புத்தகம் வாங்கறீங்களா? மொதல்ல சைக்கிளைத் தலைகீழா நிறுத்திப் பாருங்க

நாலு வருஷம் முன்னாடி நடந்த கதை இது. எங்கப்பா ஓட்டின 28 இஞ்ச் சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே துருப்பிடிச்சு நின்னுட்டு இருந்துச்சு, இதை நாமளே ஓவராயில் பண்ணிடலாம்னு திடீர்னு ஒரு வேகம் (ஓவராயில்னா ஆயில் ஊத்தறதுன்னே ரொம்ப நாள் நெனச்சுட்டு இருந்தவன் நான், அது ஓவர்ஹால், அதாவது முழுசா பிரிச்சு மாட்டறதுங்கிறதே பின்னாடிதான் தெரிஞ்சுது), நெட்ல தேடி நல்ல ஸ்டார் வாங்கின ஒரு தடி இங்கிலீஷ் புத்தகத்தை ஆர்டர் பண்ணிட்டேன். வந்துச்சு. வழவழன்னு பேப்பர், பக்கத்துக்குப் பக்கம் கலர் போட்டோ. கார்பன் ஃப்ரேம், ஹைட்ராலிக் டிஸ்க், பேட்டரியில ஓடுற கியர், டியூபே இல்லாத டயர். எல்லாம் அழகாத்தான் இருந்துச்சு, எங்கப்பா சைக்கிளைத்தான் அதுக்குள்ள காணோம்.

கிராங்கைக் கழட்டணும், அதான் பெடல் மாட்டியிருக்கிற இரும்புக் கை. அதை அச்சோட இறுக்கிப் புடிக்க குறுக்கால ஒரு ஆணி மாதிரி காட்டர் பின் நிக்குது. புத்தகத்துல அந்தப் பேரே இல்ல. சரி, நட்டைக் கழட்டி எடுத்துட்டு சுத்தியலால நாலு போடு போட்டா வந்துடும்னு போட்டேன். வரல. பின்னோட மரை முனை மட்டும் காளான் மாதிரி விரிஞ்சு உக்காந்துக்கிச்சு. கடைசியில சைக்கிளை உருட்டிட்டே எங்க வீதி முனையில இருக்கிற சைக்கிள் கடைக்குப் போனேன். அங்க இருக்கிற பெரியவர் குனிஞ்சு பார்த்துட்டு, "என்ன கண்ணு, நட்டைக் கழட்டிப் போட்டுட்டு அடிச்சியா?"ன்னார். "ஆமாங்க"ன்னேன். "நட்டு மேலதான் அடி உழோணும், மரை மேல இல்ல. அடியில முட்டு குடுத்தியா?" "இல்லீங்க." அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல, டிரில் மெஷினை எடுத்துட்டு வந்துட்டார்.

புத்தகத்து மேல எனக்குக் கோவமே இல்ல. அது வேற சைக்கிளுக்கு எழுதின புத்தகம், நான்தான் சைக்கிளைப் பார்க்காம ஸ்டாரைப் பார்த்து வாங்கினேன். அதனால புதுசா கத்துக்க வர்றவங்க யார் "எந்தப் புத்தகம் நல்லா இருக்கும்"னு கேட்டாலும், உங்க வீட்ல என்ன சைக்கிள் நிக்குதுன்னுதான் மொதல்ல திருப்பிக் கேப்பேன். அந்த வரிசையிலயே சொல்லிட்டுப் போறேன்.

மொதல் வேலை, புத்தகக் கடை பக்கமே போகாம, சைக்கிளைத் தலைகீழா நிறுத்தி ஒரு பத்து நிமிஷம் பாருங்க. கையில ஒரு துண்டுச்சீட்டு, பேனா. அஞ்சே அஞ்சு விஷயம் எழுதினா போதும்.

ஒண்ணு, டயர் ஓரத்துல பொடியா அச்சடிச்சிருக்கிற நம்பர். 26, 28ன்னு பெருசா போட்டிருக்கிறத நம்பாதீங்க, பக்கத்துலயே 37-590, 40-635ன்னு சின்னதா ஒரு ஜோடி நம்பர் இருக்கும், அதுதான் நெஜம். மொத நம்பர் டயரோட அகலம், ரெண்டாவது ரிம்ல டயர் உக்கார்ற இடத்தோட விட்டம், ரெண்டுமே மில்லிமீட்டர்ல. 26 இஞ்ச்னு சொல்ற மவுன்டன் சைக்கிள் டயருக்கு அது 559, அதே 26 இஞ்ச்னு சொல்ற 1 3/8 அகல லேடீஸ் சைக்கிள் டயருக்கு 590. ரெண்டும் 26தான், ஒண்ணு இன்னொண்ணுல ஏறவே ஏறாது. என் பொண்ணோட சைக்கிளுக்கு "26 டயர் ஒண்ணு குடுங்க"ன்னு கேட்டு வாங்கிட்டு வந்து, அரை மணி நேரம் ரெண்டு லிவர் போட்டு நெம்பிட்டு, விரல் நகம் பேந்ததுதான் மிச்சம். பழைய 28 × 1 1/2 நம்ம ஊரு பெரிய சைக்கிள்னா 635. 700சி-ன்னு சொல்றதும் 29 இஞ்ச்னு சொல்றதும் ரெண்டுமே 622, பேருதான் வேற. 27.5-ன்னா 584.

ரெண்டு, கிராங்க். குறுக்கால பின் நிக்குதா, இல்ல நடுவுல ஒரு போல்ட் இல்லன்னா நட்டு இருந்து அதுக்கு மேல பிளாஸ்டிக் மூடி போட்டிருக்கா. மூணு, பிரேக். கம்பி பிரேக்கா, கேபிள் போட்டு ரிம்மைப் புடிக்கறதா, டிஸ்க்கா, டிஸ்க்னா கேபிள்ல இழுக்குதா ஆயில்ல தள்ளுதா. நாலு, வால்வு. வால் டியூப்னு சின்ன ரப்பர் குழாய் போடற பழைய வால்வா, பைக், கார்ல வர்ற மோட்டார் வால்வா, ரேஸ் சைக்கிள்ல வர்ற ஒல்லி வால்வா.

அஞ்சாவதுதான் கொஞ்சம் நின்னு பார்க்க வேண்டியது, பின் சக்கரத்துல இருக்கிற பல்லு. ஒரே பல் சக்கரம்னா பிரீவீல், பிரச்சனை இல்ல. ஆறு ஏழு பல் சக்கரம் அடுக்கா இருந்தா அது சக்கரத்தோட நடு உருளையில (ஹப்) மரையில சுத்தி ஏத்தின பிரீவீலா, இல்ல ஹப் மேல சொருகி ஏத்தின கேசட்டான்னு கண்டுபிடிக்கணும், ஏன்னா ரெண்டுக்கும் கழட்டற டூல் வேற, முறையும் வேற. கண்டுபிடிக்கிறது சுலபம்தான்: பல் சக்கரத்தைக் கையால பின்பக்கமா சுத்துங்க, சுத்தும்போது நடுவுல அச்சை ஒட்டி டூல் மாட்டற வரிவரியான வளையம் இருக்கும்ல, அது பல்லோட சேர்ந்து சுத்துச்சுன்னா கேசட், அது அப்படியே நிக்க பல்லு மட்டும் சுத்துச்சுன்னா பிரீவீல். நம்ம ஊர்ல கொஞ்சம் கம்மி விலையில கிடைக்கிற கியர் சைக்கிள் பலதுலயும் இன்னும் பிரீவீல்தான் வருது. புதுப் புத்தகங்கள்ல பாதி, உலகத்துல எல்லாருமே கேசட்டுக்கு மாறிட்ட மாதிரி ரெண்டு வரியில இதைத் தாண்டிப் போயிடும்.

சீட்டு ரெடியா? இப்பதான் எந்த வயசுப் புத்தகம் வேணும்னு முடிவு பண்ண முடியும். ஆமா, சைக்கிள் புத்தகத்துக்கு வயசு முக்கியம், ஆனா நாம நெனக்கிற மாதிரி புதுசுதான் ஒசத்தின்னு இல்ல. காட்டர் பின், கம்பி பிரேக், கோன்-கப்-பால்ரஸ் (கோனுக்கும் கப்புக்கும் நடுவுல உருள்ற இரும்பு உருண்டைதான் பால்ரஸ்) இருக்கிற சைக்கிள்னா, 1970கள்லயும் 80கள்லயும் வந்த பழைய புத்தகம்தான் சரியா வரும். அப்ப அமெரிக்காவுலயும் இங்கிலாந்துலயும் சைக்கிள் மோகம் பெருசா அடிச்ச சமயம், வீட்லயே ரிப்பேர் பண்றதுக்குன்னு வரிசையா புத்தகம் வந்துச்சு, அன்னைக்கு அங்க ஓடின சாதா சைக்கிளும் இன்னைக்கு நம்ம ஊர்ல ஓடுற பெரிய சைக்கிளும் கிட்டத்தட்ட ஒரே குடும்பம். நம்ம அம்பத்தூர்ல டிஐ சைக்கிள்ஸ் 1949-ல ஆரம்பிச்சதே இங்கிலாந்து கம்பெனி ஒண்ணோட கூட்டுலதான், அதனால மரை அளவுல இருந்து கிராங்க் வரைக்கும் எல்லாமே அந்தப் பழைய இங்கிலீஷ் கணக்குலயே ஓடிட்டு இருக்கு.

பதினோராம் வகுப்புல அரசு குடுக்கிற சைக்கிள் வீட்ல இருந்தா அதுவும் இந்தக் கணக்குலதான் பெரும்பாலும் வரும், கியர் இல்லாத சாதா சைக்கிள், பழைய புத்தகம் தாராளமா போதும். கேபிள் பிரேக், ஏழு எட்டு கியர் உள்ள மவுன்டன் மாதிரி சைக்கிள்னா 1990களோட பின்பாதியில இருந்து 2010 வரைக்கும் வந்த பதிப்பு எதுவா இருந்தாலும் தோதா இருக்கும். ஆயில் டிஸ்க், பத்து பதினோரு பல் சக்கரம் அடுக்கின கேசட்னு லட்ச ரூபா பக்கம் குடுத்து வாங்கினவங்களுக்கு மட்டும்தான் புத்தம் புதுப் பதிப்பு கட்டாயம். பதிப்பு வருஷத்தை அட்டையில தேடாதீங்க, உள்ள காப்பிரைட் பக்கத்துல பாருங்க, அட்டையை மட்டும் மாத்தி மறுபடி அச்சடிக்கறதும் நடக்கும்.

பேர் சொல்லச் சொல்லிக் கேப்பீங்க, சொல்றேன். பார்க் டூல்னு ஒரு அமெரிக்க டூல் கம்பெனி போட்ட 'பிக் புளூ புக்', கால்வின் ஜோன்ஸ் எழுதினது, போட்டோ போட்டு ஒவ்வொரு படியா காட்டும், ரொம்ப விரிவு. ஒண்ணே ஒண்ணு, டூல் விக்கிற கம்பெனி போட்டதுங்கறதால படத்துல பூரா அவங்க நீலக் கைப்பிடி டூலாத்தான் இருக்கும், அதெல்லாம் வாங்கினாதான் வேலை நடக்கும்னு பயந்துடாதீங்க. இன்னொருத்தர் லெனார்ட் ஸின், ரோடு சைக்கிளுக்குத் தனியா மவுன்டன் சைக்கிளுக்குத் தனியா எழுதியிருக்கார், அதுல எல்லாம் கோட்டுப் படம், வேலைகளை சுலபம், நடுத்தரம், கஷ்டம்னு லெவல் பிரிச்சு குடுத்திருப்பார், புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு அந்தப் பிரிப்பு பெரிய உதவி. சக்கரம் கட்டறதுக்கு மட்டும்னா ஜோப்ஸ்ட் பிராண்ட் 1981-ல எழுதின ஒரு புத்தகம் இருக்கு, அருமையான புத்தகம், ஆனா முதல் வருஷத்துல அது தேவையே இல்ல.

சரி, பேர் தெரியாத ஒரு புத்தகம் பிளாட்பாரத்துல கிடைக்குது, கடைக்காரர் விலையைச் சொல்லிட்டு முறைச்சுப் பார்த்துட்டு நிக்கிறார். அஞ்சு நிமிஷத்துல இது தேறுமா தேறாதான்னு எப்படிப் பார்க்கிறது? நான் பண்றதைச் சொல்றேன்.

கடைசிப் பக்கத்துக்குப் போய் இன்டெக்ஸைத் திறங்க. இன்டெக்ஸே இல்லன்னா அப்படியே வெச்சுட்டு வந்துடுங்க. ரிப்பேர் புத்தகம் ஒண்ணும் கதைப் புத்தகம் இல்ல, கையெல்லாம் கிரீஸோட நடுராத்திரி ஒரு விஷயம் தேடறப்ப எழுபது பக்கம் புரட்டிட்டு உக்கார முடியாது. இன்டெக்ஸ் இருந்தா உங்க சீட்டுல எழுதின அஞ்சையும் அதுல தேடுங்க. கொறஞ்சது மூணு கிடைக்கணும். இங்க ஒரு சிக்கல், நாம சொல்ற பேர் அங்க இருக்காது. நமக்கு ஸ்பானர், அமெரிக்கப் புத்தகத்துல ரெஞ்ச். நமக்கு மட்கார்டு, அவங்களுக்கு ஃபெண்டர். ரெண்டு கிராங்கையும் சேர்க்கிற அச்சு, பி.பி. ஆக்சில்னு கடையில சொல்றது, அங்க பாட்டம் பிராக்கெட்ங்கிற பேர்ல இருக்கும், ஹேண்டில் திரும்பற எடத்துல இருக்கிற ஹேண்டில் கப்புன்னு சொல்றது ஹெட்செட்ல இருக்கும், மோட்டார் வால்வு ஷ்ரேடர்ங்கிற பேர்லயும் ஒல்லி வால்வு பிரெஸ்டாங்கிற பேர்லயும் நம்ம வால் டியூப் வால்வு வுட்ஸ் இல்லன்னா டன்லப்ங்கிற பேர்லயும் இருக்கும்.

அடுத்தது பெடல் கழட்டற பக்கம். இது என்னோட ஃபேவரிட் சோதனை. இடது பக்கப் பெடலுக்கு மரை எதிர்த்திசை, இதை அந்தப் பக்கத்துல கொட்டை எழுத்துல சொல்லியிருக்கணும், சும்மா சொல்லாம எந்தப் பக்கம் திருப்பணும்னு படத்துல அம்புக்குறி போட்டிருக்கணும். நல்ல புத்தகம்னா இன்னும் ஒரு படி மேல போய், ஸ்பானரை மேல்பக்கம் நிக்கிற மாதிரி மாட்டி சைக்கிளோட பின்சக்கரத்தைப் பார்த்து இழுங்க, ரெண்டு பெடலுமே கழண்டு வரும்னு ஒரே வரியில சொல்லிக் குடுத்திருக்கும். அப்படி எழுதறவரு கையில அழுக்கோட வேலை பார்த்த ஆளு. "பெடலைக் கழட்டவும்"னு மட்டும் எழுதிட்டு அடுத்த படிக்குத் தாவறவரு, வேற புத்தகத்தைப் பார்த்து எழுதினவரு. பி.பி. கப்புக்கும் இதே கதைதான், அங்க வலது பக்கம் எதிர் மரை. அந்த மரை அளவுக்கே பிஎஸ்ஏ-ன்னுதான் பேரு, பர்மிங்காம்ல துப்பாக்கி செஞ்ச கம்பெனியோட பேரு.

மூணாவதா செயின். செயின் தேஞ்சிருக்கான்னு பார்க்கறதுக்குத் தனி டூல் வாங்கச் சொல்லுதா, இல்ல சாதா ஸ்கேல் வெச்சு அளக்கச் சொல்லிக் குடுக்குதா? ஸ்கேல் முறை ஒண்ணும் பெரிய வித்தை இல்ல, ஒரு பின்னோட நடுவுல பூஜ்யத்தை வெச்சு, அடுத்த பின்னை ஒண்ணுன்னு எண்ணினா இருபத்திநாலாவது பின் சரியா 12 இஞ்ச்ல நிக்கணும், 1/16 இஞ்ச் தள்ளிப் போச்சுன்னா செயின் மாத்துற நேரம், 1/8 தள்ளிப் போச்சுன்னா செயினோட சேர்த்துப் பல்லும் பெரும்பாலும் போயிருக்கும். பள்ளிக்கூடப் பையன் வெச்சிருக்கிற ஒரு அடி ஸ்கேலே போதும். வீட்ல இருக்கிற சாமானை வெச்சு வேலை சொல்லித் தர்ற புத்தகமா, கடையை நோக்கித் துரத்தற புத்தகமாங்கிறது இந்த ஒரு பக்கத்துலயே தெரிஞ்சுடும்.

அப்பறம் படம். போட்டோ ஒசத்தியா கோட்டுப் படம் ஒசத்தியான்னு ஒரு சண்டை எப்பவும் இருக்கு. என் கட்சி கோட்டுப் படம்தான், அதுவும் ஒரு ஹப்பை அப்படியே பிரிச்சுப் போட்டு அச்சு, கோன், வாஷர், பால்ரஸ், கப்புன்னு வரிசையா ஒரு கோட்டுல தொங்க விட்ட மாதிரி காட்டுவாங்கல்ல, அந்தப் படம். திருப்பி மாட்டறப்ப எது முன்னாடி எது பின்னாடின்னு அதுலதான் தெரியும். போட்டோல கை, துணி, நிழல் எல்லாம் சேர்ந்து முக்கியமான எடத்தை மறைச்சுடும். ஆனா கியர் ட்யூனிங், வீல் கோட்டம் எடுக்கறது இதுக்கெல்லாம் கை எங்க இருக்கணும்னு தெரியறதுக்கு போட்டோ நல்லது. எந்தப் படமா இருந்தாலும், சைக்கிளை எந்தப் பக்கம் நின்னு பார்க்கிறாங்கன்னு புரியணும், அது புரியலன்னா இடது வலது மாறி எல்லாமே போச்சு.

இடது வலதுன்னதும் ஞாபகம் வருது. அமெரிக்கப் புத்தகத்துல "இடது கை லிவர் முன் பிரேக்"னு இருக்கும். நம்ம ஊர்ல பொதுவா வலது கைதான் முன் பிரேக். புத்தகத்தைப் பார்த்து கேபிளை மாத்தி மாட்டிட்டு, பழக்க தோஷத்துல இறக்கத்துல பின் பிரேக்னு நெனச்சு முன் பிரேக்கை அமுக்கினா ஹேண்டில்பாருக்கு மேல பறந்து போய் உழுந்துதான் எந்திரிக்கணும். புத்தகம் எந்த நாட்டுதுன்னு பார்த்து, மொதப் பக்கத்துலயே பென்சில்ல இதை எழுதி வெச்சுடுங்க.

பாதிப் புத்தகம் சைக்கிளோட வரலாறு, உடம்புக்கு நல்லது, டிரஸ், டூர் போற எடம்னு இருந்தா வேண்டாம். ஒவ்வொரு வேலைக்கும் மேல என்னென்ன டூல் வேணும்னு லிஸ்ட் இருந்தா நல்லது. வேலை நடுவுல சொதப்பினா என்ன பண்ணணும், போல்ட் தலை வழுக்கிடுச்சு, நட்டு துருப்பிடிச்சு இறுகிடுச்சு, இதுக்கெல்லாம் ஒரு பத்தியாவது இருக்கான்னும் பாருங்க, ஏன்னா நம்ம வீட்ல நிக்கிற சைக்கிள் எல்லாம் புதுசா போட்டோக்கு நின்ன சைக்கிள் இல்ல.

மொழி விஷயம். தமிழ்ல முழுசா சைக்கிள் ரிப்பேருக்குன்னு விரிவான புத்தகம் தேடினா கை வெறுமையாத்தான் வரும்னு வெச்சுக்குங்க, கிடைச்சா உங்க அதிர்ஷ்டம். ஆனா ஒரு குறுக்கு வழி இருக்கு: ஐடிஐ ஃபிட்டர் டிரேடு புத்தகம். சென்னை கிண்டியில இருக்கிற நிமி நிறுவனம் போடறது, தமிழ்லயும் வருது. சைக்கிள்னு ஒரு வரி அதுல எதிர்பார்க்காதீங்க, ஆனா மரைன்னா என்ன, பிட்ச்னா என்ன, ஸ்பானர் எப்படிப் புடிக்கணும், எந்தப் பக்கம் இழுக்கணும், அரம் எப்படிப் போடணும்னு அடிப்படை பூரா தமிழ்ல தெளிவா இருக்கும். அதை ஒரு மாசம் புரட்டிட்டு இங்கிலீஷ் புத்தகத்தைத் திறந்தா பாதிப் பயம் போயிடும்.

எங்க கிடைக்கும்? வெளிநாட்டுப் புத்தகம் புதுசா வாங்கினா ஆயிரக்கணக்குல ஆகுது, அதனால முதல் புத்தகத்தை நூலகத்துலயே பாருங்க. சென்னைன்னா கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், எழும்பூர் கன்னிமாரா, மதுரைன்னா 2023-ல திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். டியூவின்னு ஒரு முறையில, பாடவாரியா நம்பர் போட்டு அடுக்கற நூலகம்னா நேரா 629.28772 எங்கன்னு கேளுங்க, சைக்கிள் ரிப்பேருக்குன்னே உள்ள நம்பர் அது. அங்க இல்லன்னா 629.2272 பக்கமும் ஒரு பார்வை. 796.6-ல இருக்கிறது ரேஸ், டூர் புத்தகம், அங்க நேரம் போக்காதீங்க. பழைய புத்தகம்னா கோயம்புத்தூர் உக்கடம், சென்னையில திருவல்லிக்கேணி பாரதி சாலை, மயிலாப்பூர் லஸ் பக்கம். நான் உக்கடத்துலதான் அட்டை இல்லாத ஒரு பழைய இங்கிலாந்துப் புத்தகத்தை எடுத்தேன், உள்ள காட்டர் பின்னுக்கு மட்டும் முழுசா ஒரு பக்கம், படத்தோட. அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் பேரம் பேசக்கூட வாய் வரல. ஷிமானோ கியர், பிரேக் இருக்கிறவங்களுக்கு இன்னொரு லாபம், அந்தக் கம்பெனி கடைக்காரங்களுக்குன்னு போடற டீலர் மேனுவல் எல்லாமே இலவசமா பிடிஎஃப்ல கிடைக்குது, பார்ட் மேல எழுதியிருக்கிற மாடல் நம்பரைப் போட்டுத் தேடினா போதும்.

அந்தப் பழைய புத்தகத்துல என்ன இருந்துச்சுன்னு சொல்றேன், ஏன்னா நல்ல புத்தகம் எப்படி இருக்கும்ங்கறதுக்கு இதைவிட உதாரணம் எனக்குத் தெரியாது. நட்டை முழுசா கழட்டாத, பின்னோட முனையும் நட்டோட மேல்பக்கமும் சமமா வர்ற வரைக்கும் மட்டும் தளர்த்து. கிராங்குக்குக் கீழே ஒரு இரும்புக் குழாயை முட்டுக் குடுத்துத் தரையில நிறுத்து, பின் வெளிய வர்றதுக்குக் குழாயோட ஓட்டை எடம் குடுக்கும். முட்டு இல்லாம அடிச்சா அந்த அடி பூரா பால்ரஸ் மேல போய் கப்பு பள்ளம் விழும். சின்னச் சின்னதா தட்டாத, கனமான சுத்தியல்ல ஒரே அடி. புதுப் பின் போடறப்ப ரெண்டு பக்கமும் எதிரெதிர் திசையில போகணும், ஒரே பக்கமா போட்டா ரெண்டு கிராங்கும் நேரா நிக்காது. பெரியவர் கடையில ரெண்டே வாக்கியத்துல சொன்னதையேதான் இவங்க ஏன்னு காரணத்தோட எழுதி வெச்சிருந்தாங்க.

புத்தகம் வந்தாச்சு. அடுத்து அதை நம்ம ஊருக்கு மாத்தணும். டீகிரீசர்னு போட்டிருந்தா நமக்கு டீசலோ மண்ணெண்ணெயோ, பழைய டூத் பிரஷ்ஷோட. ஆனா அதை டிஸ்க் மேலயோ பிரேக் கட்டை மேலயோ படவே விடக்கூடாது, டிஸ்க்கைத் துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். டபிள்யூடி-40 துரு இளக்கத்தான், செயினுக்கு அதையே ஆயிலா நெனச்சு விட்டுட்டு இருக்காதீங்க. தேங்காய் எண்ணெயும் வேண்டாம், பிசுபிசுன்னு புழுதியைப் புடிச்சு வெச்சுக்கும். அவங்க பனிக்காலத்துக்கு சைக்கிளை மூடி வைக்கறதுக்கு ஒரு அத்தியாயமே எழுதியிருப்பாங்க, நாம அதை ஐப்பசி மழைக்குன்னு படிச்சுக்கணும். சீமைக்கருவேல முள்ளுக்கு மட்டும் எந்தப் புத்தகத்துலயும் அத்தியாயம் கிடையாது. அதுக்கு நான் சொல்றேன், பஞ்சர் ஒட்டறதுக்கு முன்னாடி டயரோட உள்பக்கம் பூரா ஒரு துணியை வெச்சுத் தடவிப் பாருங்க, உடைஞ்ச முள்ளு முனை துணியில மாட்டும். விரலால தடவினா விரல்ல மாட்டும்.

ஆயில் டிஸ்க் வெச்சிருக்கறவங்க ஒண்ணு மட்டும் கவனிங்க, ஷிமானோவுக்கு மினரல் ஆயில், வேற சில கம்பெனிக்கு கார், பைக்ல போடற மாதிரி டாட் பிரேக் ஆயில், ஒண்ணுல போடறதை இன்னொண்ணுல போட்டா உள்ள இருக்கிற ரப்பர் சீல் போயிடும். இதைத் தெளிவாச் சொல்லாத புத்தகத்தோட பிரேக் அத்தியாயத்தையே நம்பாதீங்க.

மொதல் வேலையா என்ன எடுக்கலாம்னா, முன் சக்கர ஹப். பின் சக்கரம் வேண்டாம், செயின், பிரீவீல்னு குழப்பம். புத்தகத்தைத் திறந்து பக்கத்து மேல ஒரு பாலிதீன் கவரை விரிச்சுடுங்க, கிரீஸ் கை பட்டாலும் பரவால்ல. கீழே பழைய வெள்ளை வேட்டி, நியூஸ்பேப்பர் வேண்டாம், எழுத்துக்கு நடுவுல பால்ரஸ் விழுந்தா கண்ணுக்கே தெரியாது. ஒரு பக்கக் கோனை மட்டும் கழட்டுங்க, இன்னொரு பக்கத்தைத் தொடாதீங்க, அச்சு எவ்வளவு வெளிய நீட்டிட்டு இருந்துச்சுங்கற கணக்கு அதுலதான் இருக்கு. உருண்டைகளை எண்ணி எழுதுங்க. முன் ஹப்ல பொதுவா பக்கத்துக்குப் பத்து, 3/16 இஞ்ச், பின் ஹப்ல பக்கத்துக்கு ஒம்பது, 1/4 இஞ்ச், பி.பி.ல பக்கத்துக்குப் பதினொண்ணு. உங்க சைக்கிள்ல ஒண்ணு ரெண்டு கொறஞ்சு இருந்தா முன்னாடி பார்த்தவங்க கை தவறி இருக்கும். அதுக்காக எடம் இருக்கேன்னு நெருக்கித் திணிக்கவும் கூடாது, ஒரு உருண்டை அளவுக்குக் கொஞ்சம் கம்மியா இடைவெளி விட்டாதான் உருளும்.

திருப்பி மாட்டி கோனை டைட் பண்றப்பதான் எல்லாருக்கும் தகராறு. புத்தகத்துல "ஆட்டமும் இருக்கக்கூடாது, இறுக்கமும் இருக்கக்கூடாது"ன்னு போட்டிருக்கும், படிக்க நல்லாத்தான் இருக்கு. நடைமுறையில, சக்கரத்தைத் தூக்கிப் புடிச்சா வால்வு இருக்கிற பக்கம் கனத்துல தானா கீழ இறங்கி, ரெண்டு தடவை ஊஞ்சல் மாதிரி ஆடி நிக்கணும். ஆடாம சட்டுனு நின்னா இறுக்கம். ரிம்மைப் பக்கவாட்டுல ஆட்டினா கடக் கடக்னு விரல்ல தட்டுச்சுன்னா லூஸ். எனக்கு மொதல் தடவை ஒன்றரை மணி நேரம் ஆச்சு, பதினாறு தடவை மாத்தி மாத்தித் திருகினேன்.

கடைசிப் பக்கத்துல வெத்து எடம் இருக்கும், அதுல உங்க ஏரியா கடைப் பேரும் புத்தகப் பேரும் எதிரெதிரா எழுதிட்டே வாங்க. கடையில போய் "பாட்டம் பிராக்கெட் ஸ்பிண்டில் குடுங்க"ன்னா முழிப்பாங்க, "பி.பி. ஆக்சில்"னா அடுத்த நிமிஷம் கையில. தேஞ்ச பழைய பார்ட்டைக் கையோட எடுத்துட்டுப் போறது இன்னும் நல்லது, என்ன பேர் சொன்னாலும் கண்ணால பார்த்து அளந்து குடுத்துடுவாங்க.

நூலகப் புத்தகம்னா திருப்பிக் குடுக்கறதுக்கு முன்னாடி மூணே மூணு பக்கம் ஜெராக்ஸ் போட்டு வெச்சுக்குங்க: ஹப்பைப் பிரிச்சுக் காட்டற படம், டயர் அளவு அட்டவணை, கியர்ல செயின் ரெண்டு ஓரமும் தாண்டி விழாம தடுக்கற, ஹெச், எல்னு போட்ட ரெண்டு ஸ்க்ரூவையும் எந்தப் பக்கம் எவ்வளவு திருகணும்ங்கற பக்கம். சக்கரம் முழுசா புதுசா கட்டறது, ஆயில் பிரேக்ல காத்து எடுக்கறது, கார்பன்ல எதுவா இருந்தாலும், இந்த மூணையும் மொதல் வருஷம் கடையிலயே விட்டுடுங்க. விட்டுட்டு வந்துடாம, அவங்க சரின்னா ஒரு ஸ்டூலைப் போட்டுப் பக்கத்துல உக்காந்து பாருங்க. எங்க பெரியவர் டீ வாங்கிட்டு வந்தா உக்கார விடுவார்.